அவளுடைய கத்தல், என்னுடைய சொல்

சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தால், அதைக் கோள் என்று சொல்லலாமா?

இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் பதில் தெரியாது. தொழுது முடித்து விரிப்பை மடிக்கும்போது வரும். மகளுக்குத் தலை பின்னும்போது வரும். பதினொரு வயதில், ஒரே ஒருவரிடம், நாலைந்து வாக்கியம் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறேன். பொய் சொல்லியிருந்தால் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பாச் செய்து முடித்திருக்கலாம்.

என் வயதுத் தாய்மாரே, உங்களில் சிலர் அந்த வகுப்பிலேயே இருந்தவர்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வருவதற்கு முந்திய வருடம் அது. ஆறாம் வகுப்பு. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்த மாதங்கள். கொப்பியைத் திறந்தால் தாள்களுக்கிடையில் மணல் இருக்கும். மத்தியானச் சோற்றிலும் பல்லில் மணல் நெறிபடும்.

உம்மாவின் தங்கையை நான் சாச்சி என்று கூப்பிடுவேன். எங்கள் ஊர் வழக்கப்படி அக்காவுக்கும் தங்கைக்கும் சீதன வீடுகள் ஒரே வளவில் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் ஒரு கிணறு. சாச்சி மகள் என்னைவிட இரண்டு மாதம் இளையவள். ஒரே வகுப்பு, ஒரே வாங்கு. பெருநாளைக்கு எங்கள் இருவருக்கும் ஒரே துணியில்தான் உடுப்புத் தைப்பார்கள். அவளுக்கு அது பொருந்தும். எனக்குத் தோளில் தொங்கும்.

என் வாப்பா கட்டாரில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பெட்டிகளோடு வருவார், வெட்கப்பட்டுக்கொண்டு என்னைப் பார்ப்பார், நானும் வெட்கப்படுவேன். அவளுடைய வாப்பாவோ, என் சாச்சா, வீட்டோடு இருந்தார். கல்முனை பஸாரில் சிறிய புடவைக் கடை. பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் சைக்கிளில் வருவார். தெருமுனையில் திரும்பும்போதே அவளுடைய பெயரை உரத்துக் கூப்பிட்டுக்கொண்டு வருவார். அவள் செருப்பில்லாமல் ஓடுவாள். நான் கிணற்றடியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். என் பெயரைத் தெருவில் வைத்து அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

இங்கிலீஷ் டீச்சர் காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். காற்றுக்குச் சாரி பறக்காமலிருக்க முந்தானையில் இரண்டு ஊசி குத்தியிருப்பார். கத்தாதீர்கள் என்று எங்களை ஏசாத ஒரே டீச்சர் அவர்தான். ஒருநாள் பிரிஸ்டல் போட் அட்டை ஒன்றில் எட்டுச் சொற்களை எழுதிச் சுவரில் ஒட்டினார். ஷவுட், யெல், ஸ்க்ரீம், ஷ்ரீக், ஹவுல், வெய்ல், பெலோ, றோர்.

"எல்லாம் கத்துறதானே டீச்சர்?" என்று யாரோ கேட்டார்கள்.

"கத்துறதுதான். ஆனா எல்லாம் ஒரே கத்தலா? கொண்டக்டர் கத்துறதும், கால்ல முள்ளுக் குத்தினவன் கத்துறதும் ஒண்டா? தமிழிலயும் அலறல், கதறல், வீறிடல், ஊளை எண்டு எவ்வளவு கிடக்கு. நீங்க கத்துறதோட நிப்பாட்டிட்டீங்க."

அவர் சொன்னதை நான் இரண்டு நிறப் பேனையால் எழுதிக்கொண்டேன். தூரத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்தினால் ஷவுட். அதில் கோபம் இருக்க வேண்டியதில்லை. கோபமோ குதூகலமோ ஏறினால் யெல். பயத்திலும் வலியிலும் குரல் மேலே போய் நீண்டால் ஸ்க்ரீம். அதே குரல் மெல்லியதாகக் கூராக வெட்டி நின்றால் ஷ்ரீக். நாய் நீட்டி இழுப்பதும், வலி தாங்காத மனிதர் இழுப்பதும் ஹவுல். துக்கத்தில் நீளுவது வெய்ல். காளை மாதிரி அடித்தொண்டையிலிருந்து வருவது பெலோ. அதைவிடப் பெரிதாக, கூட்டமே சேர்ந்து எழுப்பினால் றோர்.

"நாளைக்கு ஆளுக்கொரு கத்தல் கொண்டு வாங்க. புத்தகத்தில இருந்து இல்ல, ஊருக்குள்ள இருந்து."

நான் ஊருக்குள் போகவில்லை. வாப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த அகராதியைத் திறந்தேன். நீல மட்டை, தாள் ஓரத்தில் பொன் பூச்சு. அந்த அகராதியை அவள் தொட்டால் எனக்குப் பிடிக்காது. அவள் தொடக் கேட்டதும் இல்லை. அன்று பின்னேரம் அவள் கடற்கரையிலிருந்து காலெல்லாம் மண்ணோடு வந்தாள்.

"எழுதல்லியாகா நீ?" என்று கேட்டேன்.

"என்னத்த எழுதுற? காதுல இரிக்கி."

மறுநாள் நான் எழுந்து நின்று, பெலோ என்றால் ஆழ்ந்த உரத்த குரலில் கத்துதல் என்று பிழையில்லாமல் வாசித்தேன். வெரி குட் என்றார் டீச்சர். பிறகு அவள் எழுந்தாள். தோளைக் கீழே இறக்கி, நாடியைக் கழுத்தோடு சேர்த்து, கரைவலை இழுக்கும்போது முன்னுக்கு நிற்கும் ஆள் விடுகிற சத்தத்தை விட்டாள். இழுங்கடா என்று ஒரே ஒரு சொல்தான். பக்கத்து வகுப்புச் சேர் ஓடிவந்து வாசலில் நின்றார்.

"என்ன டீச்சர், மாடு கீடு பூந்திட்டா?"

"இல்ல சேர், பெலோ பூந்திட்டு!"

வகுப்பு சிரித்து அடங்கக் கொஞ்ச நேரமானது. நானும் சிரித்தேன். கொப்பியில் சிவப்புக் கோடு போட்ட என் வாக்கியம் எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒன்று கொண்டுவந்தாள். அக்கரைப்பற்று பஸ் கொண்டக்டரின் ஷவுட். நாவிதன்வெளி வயலில் கிளி கலைப்பவரின் யெல். குளியலறையில் கரப்பானைக் கண்ட எங்கள் உம்மாவின் ஷ்ரீக். அதைக் கேட்ட எல்லாருக்கும் அது என் உம்மா என்று தெரிந்துவிட்டது. வீட்டில் போய்ச் சொன்னேன். உம்மா அவளைக் கூப்பிட்டு, இன்னொருக்கா செய் பாப்பம் என்று செய்ய வைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் ஏச்சு வாங்கிக் கொடுக்கத்தான் சொன்னேன்.

எழுத்துக் கூட்டச் சொன்னால் அவளுக்கு வராது. பரீட்சையில் எனக்குத் தொண்ணூறு, அவளுக்கு நாற்பது. ஆனால் டீச்சரின் கண் அவளைத்தான் தேடியது.

ஒருநாள் வெய்ல் என்ற சொல்லுக்கு ஆள் கேட்டார் டீச்சர். நான் எழுந்து வாயைத் திறந்து நீளமாக ஓவென்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் எழும்பி, தன் தலைத்துணியின் ஓரத்தைச் சுருட்டி வாய்க்குள் திணித்தாள். பிறகு அந்தத் துணிக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. உயரமில்லை, பெரிதில்லை. கண் பிதுங்கி, தோள் மட்டும் ஏறி இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை.

"இது என்ன பிள்ள?" என்று கேட்டார் டீச்சர். அவருடைய குரல் மாறியிருந்தது.

"எங்கட ஊருல மய்யித்துக்குச் சத்தம் போட்டு அழப்படாது டீச்சர். மய்யித்துக்கு வேதனையாம். பக்கத்து ஊட்டு மாமிட மகன் மவுத்தாகக்குள்ள மாமி இப்பிடித்தான் அழுத. எங்கட வெய்ல் இதுதான்."

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிச் சோக்குக் கையால் கண்ணைத் துடைத்தார். சாவு நடந்த அதே மய்யித்து வீட்டில் நானும் இருந்தேன். அதே மாமியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் முந்தானையைக் கடித்ததைப் பார்த்தேன். பார்த்த எனக்கு அது ஒரு சொல்லாகத் தோன்றவில்லை. அன்று இரண்டாம் மணியிலிருந்து பாடசாலை விடும்வரை வயிறு எரிந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

இதற்குள் சாச்சி மகளின் ராத்தாவுக்கு, அவளுடைய அக்காவுக்கு, கலியாணம் வந்தது. மாப்பிள்ளை படியேறும்போது பெண்கள் நாக்கைப் புரட்டிக் குரவை போடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். அந்த வருடங்களில் அது கூடாது என்று சிலர் பேசத் தொடங்கியிருந்தார்கள். சாச்சாவும் அவர்களோடு சேர்ந்திருந்தார். கலியாணத்துக்கு முதல் நாளே, குரவைச் சத்தம் கேட்கக் கூடாது என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டார்.

"குரவ இல்லாம மாப்புள எடுக்கிறயா? இது கலியாண ஊடா, மய்யித்து ஊடா?" என்று சாச்சாவின் ராத்தா அடுப்படியில் வைத்துக் கேட்டார்.

"கேக்கிறவங்கட வாய அடைக்கலாம். அல்லாஹ்ட்ட என்ன சொல்லுற?" என்றார் சாச்சா.

மாப்பிள்ளை வந்தார். ஒரு சத்தமும் இல்லை. செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. சாச்சி மகள் பெண்கள் பக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் குரவை நன்றாக வரும். பெரிய பெண்கள்கூட அவளைப் போடச் சொல்லிக் கேட்பார்கள். பிறகு நாலு நாள் அவள் வாப்பாவோடு கதைக்கவில்லை, அவருடைய கையால் எதையும் வாங்கிச் சாப்பிடவில்லை. சாச்சா தெருமுனையில் கூப்பிடுவார். யாரும் ஓட மாட்டார்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மெதுவாக வருவார். அந்த நாலு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

கல்வி வலய இங்கிலீஷ் தினப் போட்டிக்கு டீச்சர் இந்தக் கத்தல்களையே நிகழ்ச்சியாக எடுத்தார். எட்டுச் சொல்லுக்கும் எட்டுக் கத்தல். கடைசியில் குரவை.

"இதுக்கு இங்கிலீஷில என்ன டீச்சர்?" என்று அவள்தான் கேட்டாள்.

"எனக்குத் தெரியாது மகள். எங்கட கோயில் சடங்கிலயும் போடுவம். கார்ட்டில குரவை எண்டே இங்கிலீஷ் எழுத்தில எழுதுவம். அவங்களும் ஒண்டு படிக்கட்டும்."

நான் அன்றே அகராதியில் தேடினேன். கிடைக்கவில்லை. இங்கிலீஷ் டிப்ளோமா படிக்கும்போது பெரிய அகராதியில் கிடைத்தது. அப்போது யாருக்கும் அது தேவைப்படவில்லை.

"நீ கார்ட்டைத் தூக்கிச் சொல்லை வாசி. அவ நடுவில நிண்டு கத்தட்டும்" என்றார் டீச்சர். என் இடம் மேடையின் ஓரம், திரைக்குப் பக்கத்தில். மேடையில் ஒருத்தி அப்படிக் கத்தும்போது கார்ட்டை யார் பார்ப்பார்கள்?

அன்று அசருக்கு நான் கிணற்றடிக்குப் போனேன். சாச்சா தொழுகைக்குக் கை கால் கழுவி உளு எடுக்க வாளியில் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தார்.

"என்ன மகள், மொகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்டுமில்ல சாச்சா. இங்கிலீஷ் போட்டிக்குப் பழகிறம்."

"ரெண்டு பேருமா? மாஷா அல்லாஹ்."

"ஓம். நான் சொல்லு வாசிக்கிற, அவ கத்துற. எட்டு விதமாக் கத்துற. கடைசியாக் குரவ போடுற."

வாளி பாதியில் நின்றது. "எங்க வச்சி?"

"மேடையில. மைக்கும் இரிக்கி. வேற ஊருச் சேர்மாரெல்லாம் வருவாங்க."

கலியாண வீட்டுக் கோபம் தீர்ந்து அவர்கள் சமாதானமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. எந்தச் சொல்லைக் கடைசியில் வைத்தால் அவருக்குச் சுடும் என்று எனக்குத் தெரியும். எட்டுக் கத்தலோடு நிறுத்தியிருந்தால் அவர் சிரித்திருப்பார்.

"சொன்னது நல்லம் மகள்" என்றார். "நீ சொன்னண்டு நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்." ஈரக் கையை என் தலையில் வைத்தார். மேடையைவிட அந்தக் கைதான் எனக்கு அப்போது வேண்டியிருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அதுவும் சரியா என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் டீச்சர் வகுப்பில் யார் முகத்தையும் பார்க்காமல், நிகழ்ச்சியைச் சின்னதாக்கிவிட்டதாகவும், நான் மட்டும் போனால் போதும் என்றும் சொன்னார். அவள் ஏன் என்று கேட்டாள். டீச்சர் கரும்பலகையை அழித்தார். ஏற்கெனவே அழித்திருந்த பலகை அது.

போட்டியன்று நடுவில் நின்றேன். ஷவுட்டும் ஸ்க்ரீமும் என் வாயில் ஒன்றாகத்தான் வந்தன. மண்டபத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். வெய்ல் வந்தபோது என் கை தானாகத் தலைத்துணியைச் சுருட்டியது. வாய்க்குள் திணித்தேன். மண்டபம் அமைதியாகிவிட்டது. மூன்றாம் இடம் கிடைத்தது.

வீட்டு வாசலில் அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாம் செஞ்சியா? வெய்ல் எப்பிடிச் செஞ்ச?"

"உன்ன மாதிரித்தான்."

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "அப்ப நானும் மேடைக்கு வந்த மாதிரித்தானே."

அதற்குப் பிறகு இங்கிலீஷ் பாடத்துக்கு அவள் கடைசி வாங்குக்குப் போனாள். சாதாரண தரப் பரீட்சையில் எல்லாப் பாடமும் சித்தி, அது மட்டும் இல்லை. பிரிஸ்டல் போட்டையும் அகராதியையும் அடுத்த வருடம் கடல் கொண்டுபோனது. என் சான்றிதழை உம்மா பெட்டியின் அடியில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்.

பல வருடங்களுக்குப் பின் ஒரு பயிற்சி வகுப்பில் டீச்சரைச் சந்தித்தேன். தேநீர் இடைவேளையில் அவரே சொன்னார். "அவட வாப்பா வந்து கெஞ்சினவர். தான் தடுத்தது பிள்ளைக்குத் தெரிய வேணாம், ராத்தாட கலியாணத்தில நாலு நாள் சோறு வாங்கித் திங்கல்ல, இன்னொருக்காத் தாங்க மாட்டன் எண்டார். நான் என்ட தலையில போட்டுக்கிட்டன். பிள்ள டீச்சரை மன்னிச்சிரும், வாப்பாவ மன்னிக்காது எண்டு நினைச்சன்." பிறகு, "ஆர் அவருக்குச் சொன்ன எண்டுதான் தெரியல்ல" என்றார். நான் என் கோப்பையைக் கழுவப் போய்விட்டேன்.

இனி இப்போதைய கதை. சாச்சி மகள் அபாயா தைக்கிறாள். அவளுடைய மகளும் என் மகளும் ஐந்தாம் வகுப்பு. பின்னேரத்தில் இருவருக்கும் நான்தான் இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறேன். போன கிழமை அதே சொற்கள் பாடத்தில் வந்தன. ஸ்க்ரீமுக்கும் ஷ்ரீக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். என் மகள் நான் எழுதிக் கொடுத்ததை மனப்பாடமாகச் சொன்னாள். அவளுடைய மகள் கண்ணை மூடி யோசித்தாள்.

"ஸ்க்ரீம்ல என்னத்துக்குப் பயம் எண்டு தெரிஞ்சிரிக்கும் பெரியம்மா. ஷ்ரீக்ல தெரியாது. அதுக்கு முந்தியே வாய் துறந்திரும்."

முப்பத்து மூன்று வயதில், ஒரு சின்னப் பிள்ளையின் முன்னால், எனக்கு அதே வயிறு எரிந்தது. என் மகள் ஏன் இதைச் சொல்லவில்லை? அதை அடக்கிக்கொண்டு, நீ கெட்டிக்காரி என்றேன்.

"இல்ல பெரியம்மா. எனக்கு இங்கிலீஷ் வராது. எங்கட குடும்பத்துக்கே வராதாம், உம்மா சொன்ன."

அன்று மகளைக் கூட்டிப்போக வந்த சாச்சி மகள் வாசலில் நின்றே பெலோவையும் ஷ்ரீக்கையும் செய்து காட்டினாள். என் மகள் என் பக்கத்திலிருந்து எழுந்து ஓடி, இன்னொருக்கா சாச்சி, இன்னொருக்கா என்று அவளுடைய கையில் தொங்கினாள். சிரிப்பு அடங்கியதும் அவள் சொன்னாள்:

"ஆறாம் வகுப்புப் படிவம் தந்திரிக்காங்கதானே. நான் தமிழ் மீடியம்தான் போடப் போறன்கா."

"ஏன்? அவ நல்லாப் படிக்கிறாளே."

"இங்கிலீஷ் மீடியத்துல போட்டு அதுட மனச ஒடைக்கவா? டீச்சர் என்ன நிப்பாட்டினத்த மறந்திட்டியா? பாவம் அந்த மனுசி, உனக்குச் சரிவராது எண்டு மொகத்துக்கு நேர சொல்ல ஏலாம பலகைய அழிச்சிக்கிட்டு நிண்ட. அண்டைக்கு வாப்பாதான் கடைய மூடிப்போட்டு வந்து ஐஸ்கிறீம் வாங்கித் தந்த. 'இங்கிலீஷ் போனாப் போகட்டும், நீ என்ட கடைக்கு முதலாளி' எண்டு சொன்னாரு." கண் கலங்கியது. "அப்பிடி ஒரு வாப்பா ஆருக்குக் கிடைக்கும் சொல்லு?"

சாச்சா மவுத்தாகி இரண்டு நோன்பு மாதம் கடந்துவிட்டது. கடைசி ஆறு மாதமும் அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, ஊட்டியது அவள்தான்.

நீ கெட்டிக்காரி, டீச்சருக்கு வேறு காரணம் இருந்திருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். உனக்கென்னகா, மூணாமிடம் எடுத்தவ என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாள். சும்மா ஆறுதல் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். நடந்ததைச் சொன்னால் நம்புவாள். ஆனால் நடந்ததில் அவளுடைய வாப்பா இருக்கிறார், நானும் இருக்கிறேன். அவரை மட்டும் சொல்லி என்னை மறைத்தால், இறந்தவர் தலையில் போட்டுவிட்டு நான் தப்பியதாகும். என்னை மட்டும் சொன்னால், வாப்பாவிடம் சொன்னாயா, பிறகு அவர் என்ன செய்தார் என்றுதான் அவள் கேட்பாள்.

சொல்ல வேண்டும் என்று நான் துடிப்பதே அவளுடைய மகளுக்காகத்தானா என்றும் தெரியவில்லை. எனக்குக் கிடைக்காத அந்த வாப்பா அவளுக்கு மட்டும் முழுதாக இருக்கிறார் என்று உள்ளே ஒருத்தி இன்னும் கிணற்றடியில் நிற்கிறாளோ என்று பயப்படுகிறேன்.

படிவத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். அவளுடையது இன்னும் தையல் மெஷின் மேல்தான் இருக்கிறது. நேற்றுப் பார்த்தேன், நிரப்பவில்லை. தாய்மாரே, உங்களில் யாராவது இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால், சொன்ன பிறகும் அந்த வீட்டுக்குப் போய்வந்திருந்தால், எனக்கு எழுதுங்கள். நான் எதை முதலில் சொல்ல வேண்டும்: அவளுடைய வாப்பா செய்ததையா, நான் செய்ததையா?